ஆர் எழுதித் தந்தது?

என் சித்தி பிரதீபா மேடையை விட்டு இறங்கியதும் யாராவது ஒருவர் வந்து கட்டாயம் கேட்பார்.

"நல்லாயிருந்தது பிள்ளை. ஆர் எழுதித் தந்தது?"

"ஒருத்தரும் எழுதேல்லை, அங்கிள். அந்த நேரம் வாயில வந்ததைத்தான் கதைச்சனாங்கள்."

"அது சரி. ஆனா ஆர் எழுதினது?"

சித்தி சிரிப்பார். பக்கத்தில் நிற்கும் எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். எழுதாமல் ஒரு விடயம் நடக்க முடியும் என்று எங்கள் ஆட்களுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? நான் முயன்று பார்த்துக் களைத்துவிட்டேன். இங்கே கடைசியாக ஒருமுறை முயல்கிறேன்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் இதற்கு இம்ப்ரொவ் என்று பெயர். ஒரு குழுவே இருந்தது. இரண்டு பேர் மேடையில் ஏறுவார்கள். பார்ப்பவர்களிடம் ஓர் இடம், ஓர் உறவு, ஒரு பொருள் கேட்பார்கள். "பஸ் தரிப்பு, மாமனும் மருமகனும், குடை" என்று யாராவது சொல்வார்கள். அந்த மூன்றையும் வைத்து அந்த நிமிடமே ஒரு நகைச்சுவை நாடகம். ஒத்திகை இல்லை, வசனம் இல்லை, முடிவு என்னவென்று ஆடுபவர்களுக்கே தெரியாது. அம்மாவுக்கு நான் இதைச் சொன்னபோது அவர் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தார். "உது பம்பலடிக்கிறதுதானே," என்றார். "உதுக்கும் ஒரு வகுப்போ?"

பம்பல் என்ற சொல்லை யாழ்ப்பாணத்தாருக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நாலு பேர் கூடியிருந்து ஒருவர் சொல்வதை மற்றவர் எடுத்து வளர்த்து, முன்யோசனை இல்லாமல் சிரித்துப் பொழுதைக் கழிப்பது பம்பல். "நேற்று நல்ல பம்பல்" என்றால் நன்றாகச் சிரித்தோம் என்று அர்த்தம். "பம்பலடிச்சுக்கொண்டு திரியிறான்" என்றால் பெடியன் உருப்பட மாட்டான் என்று அர்த்தம். இந்தச் சொல் வரும் இடம் இன்னொன்றும் இருக்கிறது. ஒருவரின் மனதில் படும்படி ஒன்றைச் சொல்லிவிட்டு, அவருடைய முகம் மாறியதைக் கண்டதும், "சும்மா பம்பலுக்குச் சொன்னனான்" என்று பின்வாங்குவார்கள். சித்தியை மாட்டிவைத்தது அந்தக் கடைசிப் பாவனைதான்.

சித்திக்கு நாற்பத்து மூன்று வயது. மோர்னிங்சைட்டில் இருக்கிறார். கார் ஓட்டப் பழக்குவதுதான் தொழில். சித்தப்பாவுக்கு ஒஷாவாவில் இரவு வேலை, பகலெல்லாம் தூங்குவார். போன வருடம் பன்னிரண்டாம் வகுப்பை முடித்த பிறகு, "அடுத்தது என்ன செய்யப்போறாய்?" என்று கேட்பவர்களிடமிருந்து தப்புவதற்காக நான் பெரும்பாலும் சித்தி வீட்டில்தான் இருக்கிறேன். சித்தி அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. தன் காரில் என்னை ஏற்றி, "கண்ணாடியைப் பார்" என்று மட்டும் சொல்வார்.

சித்தி ஊரிலிருந்து கலியாணம் கட்டி இந்த நாட்டுக்கு வந்த புதிதில் சித்தப்பாதான் அவருக்குக் கார் பழக்கினார். கணவனிடம் கார் பழகிய எந்தப் பெண்ணும் இந்த நகரத்தில் சந்தோசமாக இருந்ததாக நான் கேள்விப்படவில்லை. முதல் நாளே ஒரு கடைத்தொகுதியின் வாகனத் தரிப்பிடத்தில் சித்தி காரை நிறுத்திவிட்டு இறங்கி, பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிட்டாராம். பிறகு போன பயிற்சியாளர் சித்தப்பாவை விடவும் உரத்துக் கத்தினார். லைசென்ஸ் எடுத்த கையோடு சித்தி முடிவு செய்தார்: கத்தாமல் பழக்குகிற ஒருவர் இந்த ஊருக்குத் தேவை.

அவரிடம் வருபவர்கள் பெரும்பாலும் ஐம்பது தாண்டிய பெண்கள். பிள்ளைகள் கூட்டிக்கொண்டு திரிய நேரமில்லாமல் போனபிறகு பழக வருகிறவர்கள். கை ஸ்ரியரிங்கைப் பிடித்ததும் பயத்தில் அவர்களுக்கு வாய் திறந்துவிடும். மருமகளைப் பற்றிக் கதைப்பார்கள். வீட்டுக்காரரின் குறட்டை, பித்தப்பைக் கல், பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் சீலை, யார் யாரோடு கதையில்லை, எல்லாம் வரும். வீட்டுக்கு வந்தபிறகு நாங்கள் துருவிக் கேட்டாலும் சித்தி வாயைத் திறக்கமாட்டார்.

"நான் ரோட்டைப் பாத்துக்கொண்டிருந்தனான். ஒண்டும் கேக்கேல்லை."

அந்தப் பெயரால்தான் ஆட்கள் அவரிடம் வந்தார்கள். பிரதீபாவின் காருக்குள் சொன்னது பிரதீபாவின் காருக்குள்ளேயே இருக்கும். இதை நினைவில் வைத்திருங்கள்.

சித்தியோடு மேடையேறும் கோகுலனும் அவருடைய மாணவன்தான். பிக்கரிங்கில் இருக்கிறான், காப்புறுதி நிறுவனத்தில் வேலை. பழகும் காலத்தில் ஒருநாள் மார்க்கம் ரோட்டுச் சந்தியில் இடது பக்கம் திரும்பப்போய், நடுச்சந்தியில் உறைந்துவிட்டான். பின்னால் ஹோர்ன் சத்தம். வேறு யாரும் என்றால் கத்தியிருப்பார்கள். சித்தி தண்ணீர்ப் போத்தலை ஒலிவாங்கியாகப் பிடித்தாராம்.

"அன்பார்ந்த நேயர்களே, கோகுலன் அவர்கள் இந்தச் சந்தியின் நடுவில் புது வீடு எடுத்திருக்கிறார். நாளைக்குப் பால் காய்ச்சிக் குடிபூரல். அனைவரும் வருக."

கோகுலன் சிரித்துவிட்டு, "சாப்பாடு எந்தக் கடையில எடுக்கிறது, அறிவிப்பாளர் அவர்களே?" என்று கேட்டான். கேட்டபோது கால் தானாக அசைந்தது. கார் திரும்பியது.

"அக்கா, இது சீரியஸா இம்ப்ரொவ்," என்றான் அவன். "இதுக்கு டவுன்ரவுனில கிளாஸ் இருக்கு. நான் போறனான். நீங்களும் வாங்கோ."

சித்தி போனார். அங்கே முதல் நாள் சொல்லிக்கொடுத்த விதி ஒன்றுதான். எதிரே நிற்பவர் என்ன சொன்னாலும் முதலில் 'ஓம்', அதாவது ஆமாம், என்று ஏற்றுக்கொள், பிறகு அதோடு உன்னுடையதாக ஒன்றைச் சேர். அவர், "உன் தலையில் காகம் இருக்கிறது" என்றால், "ஓம், வாடகை தராமல் இருக்கிறது" என்று சொல்ல வேண்டும். "இல்லையே, ஒன்றும் இல்லையே" என்றால் ஆட்டம் செத்துப்போகும்.

எங்கள் ஆட்களுக்கு இதைவிடக் கஷ்டமான விதி உலகத்தில் கிடையாது. எங்கள் வீட்டில் யார் எதைச் சொன்னாலும் முதல் பதில் 'இல்லை'. "மழை பெய்யுது" என்றால், "இல்லை, தூறுது." "பசிக்குது" என்றால், "இல்லை, உனக்கு அலுப்பு." சித்திக்கு மட்டும் 'ஓம்' சொல்லப் பயிற்சி இருந்தது. கார் ஓடுகிறவர் பயத்தில் சொல்லும் எதற்கும் இல்லை என்று சொன்னால் கார் எங்கேயாவது போய் ஏறிவிடும்.

இருவரும் சேர்ந்து தமிழ் நிகழ்ச்சிகளில் இதைச் செய்யத் தொடங்கினார்கள். பெயர் 'பம்பல்' என்றே வைத்தார்கள்.

இனி மார்ச் மாதத்துக்கு வருகிறேன். ஓர் ஊர்ச் சங்கத்தின் இராப்போசன விருந்து. செயலாளர் சீனித்தம்பி அங்கிள் சித்தியைத் தொலைபேசியில் அழைத்தார். நான் பின் சீற்றில் இருந்து எல்லாவற்றையும் கேட்டேன்.

"பிள்ளை, பம்பல் எண்டு நிகழ்ச்சி நிரலில போடேலாது. கௌரவமான சபை. பெரியாக்கள் வருவினம்."

"அப்ப உடனடி நகைச்சுவை எண்டு போடுங்கோ, அங்கிள்."

"உடனடி எண்டா நூடில்ஸ் மாதிரியெல்லே கிடக்கு? 'சிரிக்கவும் சிந்திக்கவும் ஒரு நகைச்சுவை நாடகம்' எண்டு போடுறன். எழுத்தை எப்ப அனுப்புறியள்?"

"எந்த எழுத்து?"

"நாடகத்தின்ர எழுத்து. நிர்வாக சபை பாத்து அனுமதிக்க வேணும்."

"அங்கிள், எழுத்து இல்லை. அங்கை வந்துதான் சபையிட்டக் கேட்டு…"

"விளங்குது, விளங்குது. ஒரு பக்கமெண்டாலும் அனுப்புங்கோ."

இப்படி மூன்று தரம் அழைத்தார். மூன்றாவது தரம் சித்திக்கே பொறுமை போய்விட்டது. "நிலாணி, போனை எடு. மேல 'பம்பல்' எண்டு அடி. கீழ 'நன்றி, வணக்கம்' எண்டு அடி. நடுவில ஒண்டும் வேண்டாம். அனுப்பு." நான் அப்படியே அனுப்பினேன்.

மாலையில் பதில் வந்தது. "வாசித்தோம். சிறப்பாக இருக்கிறது. நேரம் காணாது, கொஞ்சம் சுருக்கவும்."

நானும் சித்தியும் அன்று சிரித்த சிரிப்புக்கான பலனைப் பிறகு வட்டியோடு அனுபவித்தோம்.

விருந்தன்று மண்டபம் நிறைந்திருந்தது. விளக்கேற்றி, அகவணக்கம் செலுத்தி, தலைவர் பேசி, போஷகர் பேசி, பேசாதவர்களுக்கு நன்றி சொல்லி, பசியில் எல்லோரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் சித்தியும் கோகுலனும் மேடையேறினார்கள்.

"ஓர் இடம் சொல்லுங்கோ!"

"குசினி!"

"ஓர் உறவு!"

"மச்சாளும் மச்சாளும்!"

"ஒரு பொருள்!"

நடு மேசையில் இருந்து ஒரு பெண் கை தட்டிச் சத்தம் போட்டார். "இடியப்ப உரல்!"

சபை சிரிக்கத் தொடங்கிவிட்டது. இன்னும் ஒரு வசனமும் பேசவில்லை, ஆனால் மேசை மேசையாகச் சிரிப்பு. சித்திக்கும் கோகுலனுக்கும் காரணம் தெரியாது. எனக்கும் பிறகுதான் தெரிந்தது. கத்தியவர் நாகமணி அன்ரி. அவருக்கும் அவருடைய தமையனின் மனைவி குணவதி அன்ரிக்கும் ஓர் இடியப்ப உரலால் பேச்சுவார்த்தை இல்லை. இடியப்ப மாவைப் பிழிய நாகமணி அன்ரியின் அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த மர உரல் அது. குணவதி அன்ரி ஒரு விசேஷத்துக்கு இரவல் வாங்கினார், எத்தனை தரம் கேட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை. ஊர்ச் சங்கம் முழுக்க இது தெரியும். இனி நேருக்கு நேர் கேட்க முடியாததை நாகமணி அன்ரி எங்கள் வாயால் கேட்க வைத்தார். இம்ப்ரொவை இப்படிப் பாவிக்கலாம் என்று டவுன்ரவுன் வகுப்பில் யாருக்கும் தோன்றியிருக்காது.

குணவதி அன்ரி யார் என்று சொல்ல வேண்டும். சித்தியின் மாணவி. ரோட் ரெஸ்ற்றில் பலமுறை தவறி, இந்த முறை எப்படியும் எடுத்துவிடுவேன் என்று ஒவ்வொரு கிழமையும் சித்தியின் காரில் பழகிக்கொண்டிருந்தவர். கணவர் தியாகலிங்கம் அங்கிளோடு முன் வரிசை மேசையில் இருந்தார்.

கோகுலன் சால்வையைத் தலையில் போட்டு மச்சாளானான். "மச்சாள், உரலைத் தாங்கோ. ராவைக்கு எங்கட வீட்டில இடியப்பம்."

"ஓம் மச்சாள், தாறன்," என்றார் சித்தி. "அதுக்குள்ள இப்ப ஒரு பூக்கண்டு நிக்குது. பூத்து முடியட்டும்."

"ஓம், பூக்கண்டைப் பாத்தனான். அதுவும் என்ரதான்."

"ஓம், உங்கடதுதான். உங்களை நினைச்சுத்தான் தண்ணி விடுறன்."

சபை மேசையில் தட்டிச் சிரித்தது. சபைக்கு நன்றாகப் பிடித்துவிட்டது என்று சித்திக்கு உற்சாகம். கோகுலன், "உரலைத் தர வேண்டாமெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டான்.

"உங்கட அண்ணர்தான்."

"என்னவெண்டு சொன்னவர்?"

"அவளுக்கு உரல் என்னத்துக்கு, வாய்க்குள்ள மாவைப் போட்டாலே இடியப்பமா வரும் எண்டவர்!"

மண்டபம் வெடித்தது. ஆனால் எனக்குத் தெரிந்தது மூன்று முகங்கள்தான். தியாகலிங்கம் அங்கிளின் சூப்புக் கரண்டி பாதி வழியில் நின்றுவிட்டது. அதுவரை எல்லோரையும்விட உரத்துச் சிரித்த நாகமணி அன்ரி, சிரிப்பை நிறுத்தித் தமையனைத் திரும்பிப் பார்த்தார். குணவதி அன்ரி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். சூப் மட்டும்தான் வந்திருந்தது, சாப்பாடு இன்னும் பரிமாறவில்லை. எங்கள் ஆட்கள் சாப்பாட்டுக்கு முன்னம் எழும்பிப் போனால் அது சாதாரணக் கோபம் இல்லை.

இதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. சீனித்தம்பி அங்கிள் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"சபையோருக்கு ஒரு விளக்கம். எங்களுக்கு முற்கூட்டியே தரப்பட்ட எழுத்தை நிர்வாக சபை வாசித்து அனுமதித்தது. அதில் உரல் பற்றிய பகுதி இருக்கவில்லை. அது அவர்கள் தாங்களாகச் சேர்த்தது."

எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. வெற்றுத்தாளில் உரல் இருக்கவில்லைதான்.

அடுத்த நாள் நானும் சித்தியும் குணவதி அன்ரியின் வீட்டுக்குப் போனோம். கதவைத் திறந்தார், சமையலறையில் இருக்கச் சொன்னார், தேத்தண்ணி போடவில்லை.

"அன்ரி, எனக்கு உரலைப் பற்றி ஒண்டும் தெரியாது," என்றார் சித்தி. "நாகமணி அன்ரி கத்தினதை வைச்சு விளையாடினது. சும்மா பம்பலுக்கு…"

"உந்தச் சொல்லை என்னட்டச் சொல்லாதை. குத்திறவை எல்லாரும் கடைசியில உதைத்தான் சொல்லுறவை. உரலை விடு. உரல் ஊருக்கே தெரியும். வாய்க்குள்ள மாவைப் போட்டா இடியப்பமா வரும் எண்டு இவர் சொன்னது இந்தக் குசினிக்குள்ள. நானும் இவரும் மட்டும்தான் நிண்டனாங்கள். அதை நான் ஒராளுக்குத்தான் சொன்னனான். ஆருக்கு?"

அன்ரி விரலைச் சித்தி பக்கம் நீட்டினார்.

"உனக்கு. காருக்குள்ள. உன்ர காருக்குள்ள சொன்னா வெளியில வராது எண்டு."

எனக்குப் பொறுக்கவில்லை. போனை எடுத்து நீட்டினேன். "அன்ரி, இதுதான் நாங்கள் அனுப்பின எழுத்து. பாருங்கோ, ஒண்டுமே இல்லை. ஒருத்தரும் எழுதேல்லை."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலும் கீழும் பார்த்தார். "பாத்தியே, எழுதினதை அழிச்சுப்போட்டியள்."

இல்லாத ஒன்றை இல்லை என்று எப்படிக் காட்டுவது? வழியெல்லாம் காரில் நான் புலம்பிக்கொண்டு வந்தேன். அந்த மனுசிக்கு விசர், சீனித்தம்பி அங்கிளுக்கு அதைவிட விசர், இந்தச் சனத்துக்கு இனிமேல் எதுவும் செய்யக்கூடாது என்றேன். சித்தி ஒரு சிவப்பு விளக்கில் நின்றபோது சொன்னார்:

"அவ எனக்குச் சொல்லியிருக்கலாம், நிலாணி."

"என்ன?"

"எனக்கு ஞாபகமில்லை. கேட்டனான் எண்டு சத்தியமா ஞாபகமில்லை. ஆனா அந்த வசனம் ஏன் அவ்வளவு கெதியா வந்தது? என்ர வாயில உப்பிடி வாறேல்லை."

இம்ப்ரொவ் என்றால் ஒன்றுமில்லாததிலிருந்து வருவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஒன்றுமில்லாததிலிருந்து ஒன்றும் வராது. காதில் விழுந்தது, மறந்துவிட்டதாக நினைத்தது எல்லாம் உள்ளே எங்கேயோ கிடக்கும். மேடையில் 'ஓம்' என்று கதவைத் திறந்தால் எது வெளியே வரும் என்று யாருக்குத் தெரியும்? யாரும் எழுதித் தரவில்லை என்பது உண்மை. குணவதி அன்ரிதான் தந்தார் என்பதும் உண்மையாக இருக்கலாம். அது எனக்கு இன்னும் எரிச்சலூட்டியது.

குணவதி அன்ரியின் ரெஸ்ற் ஏப்ரலில். இங்கே ரெஸ்ற்றுக்குப் பழக்கியவரின் காரில்தான் போவார்கள். அவர் வேறு யாரையும் பிடித்தாரா, வருவாரா, மாட்டாரா, ஒரு தகவலும் இல்லை. சித்தி அழைத்தால் தியாகலிங்கம் அங்கிள் எடுத்து, "அவ குளிக்கிறா" என்றார். எந்த நேரம் எடுத்தாலும் அவ குளித்துக்கொண்டிருந்தா. இதற்கிடையே வேறு இரண்டு மாணவிகள் காரில் வாயே திறப்பதில்லை என்று சித்தி சொன்னார். ரோட்டைப் பார்த்து ஓடுகிறார்களாம், ஊமைகள் மாதிரி. அது அவரை மிகவும் வருத்தியது.

"என்ர காரில இனி ஒருத்தரும் கதைக்கமாட்டினமோ?" என்றார்.

ரெஸ்ற் அன்று காலை சித்தி என்னையும் ஏற்றிக்கொண்டார்; அன்ரிக்குப் பிறகு எனக்குப் பயிற்சி. அன்ரியின் வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டுக் காத்திருந்தோம். ஹோர்ன் அடிக்க வேண்டாம் என்றார். நான் அவர் வரமாட்டார் என்றேன். கதவு திறந்தது. குணவதி அன்ரி கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து, ஒரு வணக்கமும் இல்லாமல் சாரதி இருக்கையில் ஏறினார்.

"வேற திகதி எடுக்கேலாதாம். அதுதான் வாறன்," என்று ஸ்ரியரிங்கைப் பார்த்துச் சொன்னார்.

அவ்வளவுதான். பிறகு பேச்சில்லை. பேசாத குணவதி அன்ரி எவ்வளவு மோசமாக ஓடுவார் என்பது எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. பச்சை விளக்கில் பிரேக் போட்டார். வெறும் வீதியில் ஹோர்ன் அடித்தார். ஒரு பஸ்ஸுக்கு இடம் விட்டு, அந்தப் பஸ் ஆட்களை ஏற்றி முடிக்கும்வரை பின்னாலேயே மரியாதையாக நின்றார். சித்தி தன் பக்கத்துப் பிரேக்கில் காலை வைத்தபடி இருந்தார்.

"அன்ரி," என்றார் கடைசியில். "நீங்கள் எனக்குச் சொன்னனீங்களோ எண்டு எனக்குத் தெரியாது. சொல்லியிருப்பியள். நான் கவனமா இருந்திருக்க வேணும்."

சித்தி இந்த முறை 'பம்பல்' என்ற சொல்லைப் பாவிக்கவில்லை என்பதை அன்ரி கவனித்தார் என்று நினைக்கிறேன். அடுத்த சந்தியில் விளக்கு பச்சையாகியும் கார் அசையவில்லை. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். திடீரென்று குணவதி அன்ரி மூக்கால் பேசினார். நாகமணி அன்ரியின் குரல், அச்சு அசல்.

"பச்சை விழுந்தா வெளிக்கிட வேணும் எண்டும் தெரியாதோ, மச்சாள்? உரலெண்டா வடிவாத் தெரியும்!"

சித்தி குணவதி அன்ரியின் குரலை எடுத்தார். "ஓம் மச்சாள், வெளிக்கிடுறன். உரலையும் மடியிலதான் வைச்சிருக்கிறன்."

கார் நகர்ந்தது.

"மடியில வைச்சிருந்தா எப்பிடி ஸ்ரியரிங் பிடிக்கிறது? கீழ வையும்!"

"ஓம், கீழ வைச்சா பிரேக்குக்குள்ள போயிடும். பிறகு நான் நிப்பாட்டாமல் நேர உங்கட வீட்டுக்குத்தான் வந்து நிப்பன்."

"வாருமன்! ஆர் வேண்டாமெண்டது?" குணவதி அன்ரி இப்போது ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தார், கண்ணாடி பார்த்து, பாதை மாறி. நாகமணி அன்ரியின் குரல் ஏறிக்கொண்டே போனது. "எத்தினை வருசம் உரலைத் தா, உரலைத் தா எண்டு கேக்கிறன்? என்னட்ட சில்வரில ரெண்டு உரல் கிடக்கு. எனக்கு உரலோ தேவை? அதைக் கேக்கிற சாட்டில எண்டாலும் அண்ணையின்ர வீட்டுப் படி ஏறலாம் எண்டுதானே!"

அதைச் சொல்லிவிட்டு அவரே நின்றுவிட்டார். கார் நிற்கவில்லை, பேச்சுத்தான்.

"அன்ரி," என்றார் சித்தி, தன் சொந்தக் குரலில். "உதை நாகமணி அன்ரி உங்களுக்குச் சொன்னவவோ?"

"இல்லை."

"அப்ப ஆர் எழுதித் தந்தது?"

குணவதி அன்ரி இடது சிக்னலைப் போட்டார். நேரத்தோடு, சரியான இடத்தில்.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். ரெஸ்ற்றில் அவர் மறுபடியும் தவறிவிட்டார். பக்கத்தில் இருந்த பரீட்சகர் ஒரு வார்த்தை பேசாதவர். பேச ஆளில்லாமல் அன்ரி பெரிய ரோட்டில் சைக்கிள் வேகத்தில் போயிருக்கிறார். பரீட்சகர் தாளைக் கொடுத்துவிட்டுப் போனதும் அன்ரி வாகனத் தரிப்பிடத்தில் எங்களிடம் வந்தார். முகத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. சித்தி சாரதி இருக்கைப் பக்கம் போகத் தொடங்கினார்.

"எங்க போறாய்?" என்றார் குணவதி அன்ரி. "திறப்பைத் தா. வரேக்க நான்தானே ஓடிக்கொண்டு வந்தனான்?"

சித்தி திறப்பைக் கொடுத்தார். அன்ரி ஏறி, பெல்ற்றைப் போட்டு, கண்ணாடியை இரண்டு தரம் சரிபார்த்தார்.

"வரேக்க நான் நாகமணியின்ர குரலில சொன்னதை ஆரிட்டையும் சொல்லிப்போடாதை. இவருக்கும் சொல்லாதை. காருக்குள்ள இருக்கட்டும்." திறப்பைத் திருகிக்கொண்டே, "நாகமணிக்கு நானே சொல்லிக்கொள்ளுறன்."

"நான் ரோட்டைப் பாத்துக்கொண்டிருக்கிறன், அன்ரி," என்றார் சித்தி. "எனக்கு ஒண்டும் கேக்கேல்லை."

குணவதி அன்ரி செப்ரெம்பரில் லைசென்ஸ் எடுத்தார். அதன் பிறகுதான் இதை எழுத அனுமதி கேட்டேன். எழுது, ஆனால் நாகமணியின் பெயரை மாற்றக்கூடாது என்றார். உரல் இன்னும் அவர் வீட்டில்தான். அதைத் திருப்பிக் கேட்பதற்கென்று நாகமணி அன்ரி அடிக்கடி வந்து, இடியப்பம் சாப்பிட்டுவிட்டு, உரலை வைத்துவிட்டுப் போகிறார்.

சீனித்தம்பி அங்கிள் போன கிழமை அழைத்தார். வருகிற மார்ச்சுக்கும் நாங்கள்தானாம். போன முறை அனுப்பிய எழுத்தையே அனுப்ப வேண்டுமாம், நிர்வாக சபைக்கு அது நன்றாகப் பிடித்திருந்ததாம். நான் போனைப் பிடுங்கி நாலு வார்த்தை கேட்கப் போனேன். சித்தி கையைக் காட்டி என்னை மறித்தார்.

"ஓம் அங்கிள்," என்றார். "இந்த முறை இன்னும் சுருக்கி அனுப்புறன்."